நல்லூர்ச் சுரங்கமும் நமது கிணறுகளும்

யாழ்ப்பாண நகரத்தில் பிறந்து வளர்ந்தோரில், நிலத்தடிச் சுரங்கம் ஒன்றின் கதையைக் கேளாதவர் அரியர். நல்லூர் மந்திரிமனையின் அடியில் ஒரு வழி தொடங்குகிறது என்பார் ஒருவர். அது யமுனா ஏரியில் முடிகிறது என்பார் அவர் அயலவர். இல்லை, சங்கிலித்தோப்பில் இருந்த அரண்மனைக்கே செல்கிறது என்பார் மற்றொருவர். கோட்டை வரை நீண்டு கடலில் திறக்கிறது என்று அடித்துக் கூறுவாரும் உளர். சொல்பவர் எவரும் அதனுள் நடந்தவரல்லர். ஆயினும் தம் பாட்டனார் கண்டதாகச் சொல்லாதவரும் இல்லை.

இக்கதைகளைக் கற்றோர் சிலர் நகைத்துத் தள்ளுகின்றனர். பிறர் சிலரோ புதையல் கிடைக்கும் என நம்பி இரவில் மண்வெட்டியுடன் புறப்படுகின்றனர். இவ்விரு போக்கும் நன்றன்று. நமது நகரின் அடியில் உண்மையாகவே வழிகள் உள. அரசர் வெட்டினர் என்று சொல்லப்படும் வழி இன்னும் ஆராயப்படவேண்டியது. நீர் அரித்த வழிகளோ ஐயத்துக்கு இடமின்றி இருப்பவை; குடாநாட்டின் உயிர் அவற்றிலேயே தங்கியுள்ளது. இவையிரண்டையும் பற்றி நாம் காட்டும் அசட்டை, நமது வரலாற்றையும் நமது கிணற்றையும் ஒருங்கே கெடுத்து வருகின்றது. ஆதலாற்றான் இவ்விடயத்தை இங்கு எடுத்துப் பேசத் துணிந்தோம்.

முதலில் அரசர் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டைக்குச் செல்லும் வழி என்ற கதை ஆராய்ச்சிக்கு நில்லாது. யாழ்ப்பாணக் கோட்டை நல்லூரரசர் கட்டியதன்று. அவரை வென்ற போர்த்துக்கேயர் கட்டியது. அதனை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டினர். 1795 இல் அது ஆங்கிலேயர் கையிற் சேர்ந்தது. பகைவன் இனிமேல் கட்டப்போகும் கோட்டைக்கு அரசன் தன் அரண்மனையிலிருந்து முன்கூட்டியே வழி வெட்டி வைத்தான் என்பது பொருந்துமா? அன்றியும், நல்லூருக்கும் கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரம் உண்டு. சில பாகம் தோண்டுமுன்னரே நீர் ஊறும் நிலம் இது. மாரியில் கிணறுகள் நிறையும் இவ்வூரில், ஆள் நடக்கும் ஆழத்தில் அத்துணை நெடிய சுரங்கம் வெட்டினால், கார்த்திகை மழைக்கு அது வாய்க்காலாகிவிடும் என்பதைக் கிணறு வெட்டும் எந்தத் தொழிலாளியும் சொல்லிவிடுவார்.

மந்திரிமனைக்கும் யமுனா ஏரிக்கும் இடையிலான குறுகிய வழி என்ற கதை அத்தகையதன்று. கட்டடத்தின் அடியில் நிலவறையோ, நீர் கொண்டுசெல்லும் கற்கால்வாயோ, படியிறங்கும் கேணியோ இருந்திருத்தல் கூடும். யமுனா ஏரியே 'ப' வடிவில் கல்லால் அமைந்த தனித்தன்மை வாய்ந்த கேணியாகும். இன்று மந்திரிமனை என வழங்கும் கட்டடத்தில் பிற்காலக் கைவேலையே மிகுதி என்பதை அதன் தோற்றமே காட்டும். ஆயினும் அது நிற்கும் நிலம் பழந்தலைநகரின் நிலம். அங்கு என்ன உளது என்பதைக் கருவி கொண்டு பார்த்துத் தீர்மானிக்கலாம். அதற்கு ஆவன செய்யாது காலம் கடத்தினோம். 2025 ஆம் ஆண்டு பெய்த மழையில் அக்கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. கதை நிலைத்தது, கதையின் சான்றோ கண்முன்னே சரிகின்றது.

கதை பொய்யாயினும் அது பிறந்த காரணம் பொய்யன்று. 1560 இல் போர்த்துக்கேயப் படை நல்லூருக்குள் புகுந்தபோது அரசன் முதலாம் சங்கிலி தலைநகரை விட்டு அகன்று பிழைத்தான். 1591 இல் வந்த படை அரசனைக் கொன்றது. 1619 இல் அரசு முற்றாக வீழ்ந்தது. இறுதி மன்னன் கடல்வழியே தப்ப முயன்று பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1623 இல் கொல்லப்பட்டான். இடையே 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. விக்கிரகங்களைக் கிணற்றிலும் மண்ணிலும் மறைத்துவிட்டு மக்கள் நாளை எண்ணிக் காத்திருந்தனர் என்பது ஊர்தோறும் வழங்கும் நினைவு. இத்துணை இழப்புக்கு ஆளானதோர் மக்கட் கூட்டம், "எங்கள் மன்னன் அகப்படவில்லை, நிலத்தினுள்ளே ஒரு வழி இருந்தது" என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தமை வியப்பன்று. ஆவணங்கள் வென்றோரின் வரலாற்றைக் கூறுகின்றன. தோற்றோர் எதனை விரும்பினர் என்பதைச் சுரங்கக் கதை கூறுகின்றது. ஆகவே அதனையும் பதிந்து வைத்தல் கல்விமான்களின் கடமையாகும்.

இனி, நீர் அரித்த வழிகளுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்புகளை விரித்து, குகைகளையும் குழாய்களையும் ஆக்கியிருக்கின்றது. சில இடங்களில் குகையின் கூரை உள்ளே இடிந்து விழ, மேலே பள்ளம் தோன்றியது. நமது முன்னோர் இவ்விடங்களுக்கு இட்ட பெயர்களே அவர்கள் இதனை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். மானிப்பாய் இடிகுண்டு, ஊரெழுப் பொக்கணை, குரும்பசிட்டிப் பேய்க்கிணறு என்னும் பெயர்களில் அச்சமும் உண்டு, அவதானமும் உண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நாடு இது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியிற் சேர்வது. நமது ஆறுகள் யாவும் நிலத்தின் கீழேயே ஓடுகின்றன என்பது மிகையன்று.

புத்தூரை அடுத்த நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றை அறியாதார் இலர். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது புராணக் கதை. அடியில்லாதது என்பது ஊர்க்கதை. அளந்து பார்த்தோர் அதற்கு அடி உண்டு என்று கண்டனர். மேலே நன்னீரும், ஆழம் செல்லச் செல்ல உவர்நீரும் அதில் நிற்பதையும் கண்டனர். நிலாவரையில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்று முதியோர் சொல்வர். பழம் வருமோ வாராதோ, அதன் உள்ளே இருக்கும் கருத்தை எவரும் எள்ளிவிடலாகாது. ஓரிடத்து நீர் மற்றோரிடத்துக்குக் கல்லினூடே செல்கின்றது என்பதே அக்கருத்து. இன்று உலகெங்கும் சுண்ணாம்புக்கல் நிலங்களை ஆராய்வோர், ஒரு குழியில் நிறச்சாயம் கலந்து, அது எந்த ஊற்றில் எத்தனை நாளிற் புறப்படுகின்றது என்று பார்க்கின்றனர். நமது முதியோரின் எலுமிச்சம்பழமும் விஞ்ஞானியின் சாயமும் ஒரே வினாவையே கேட்கின்றன.

கமக்காரருக்கு இவ்வினா பொழுதுபோக்கன்று. கல்லினுள் தங்கிய நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேல் ஓர் ஆடைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நூல்கள் கூறும் பொதுக் கணக்கு. எனின், மேலே ஓரடியை இழந்தால் கீழே நாற்பதடியை உவர் பற்றிக்கொள்ளும் என்பதும் அக்கணக்கே. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழிப்பது மேலுள்ள மண்ணினால் மட்டுமன்று. அதன் கீழுள்ள கல்லும் நீரைச் சேமித்துத் தருவதனாலேயே.

மூன்றாவதாக ஒருவகை நிலத்தடி வழியும் நமக்கு உண்டு. அது நாம் வாழ்ந்த காலத்தில் நாமே வெட்டியது. 1980 களின் நடுப்பகுதி முதல் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வரை, குண்டுக்கும் செல்லுக்கும் அஞ்சி வளவுதோறும் பங்கர் வெட்டினோம். பனங்குற்றிகளை அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடினோம். கல் தட்டும் இடத்தில் ஆழம் போகமுடியாமல் குனிந்து இருந்தோம். பள்ளிக்கூட முற்றத்திலும் கோயில் வீதியிலும் அவை இருந்தன. பாதி மூடப்பட்டன, பாதி தாமாகத் தூர்ந்தன, சிலவற்றின் மேல் இன்று மாடிவீடுகள் எழுந்துள்ளன. எந்தக் கால வரலாற்றாசிரியனும் இவற்றைக் கணக்கெடுத்து எழுதவில்லையாயின், இன்னும் நூறாண்டில் அத்திவாரம் தோண்டுவோர் இவற்றைக் கண்டு, சங்கிலி மன்னனின் சுரங்கம் என்று சொல்லக்கூடும். கண்டவர் உயிருடன் இருக்கும்போதே பதியப்படாத உண்மை எவ்வளவு விரைவில் கதையாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி, நாம் செய்துவரும் கேட்டினை நோக்குவோம். நகரத்தில் நிலத்தடிக் கழிவுக் குழாய் முறை இல்லை. ஒரே வளவில் ஒரு மூலையில் கிணறும் மறு மூலையில் மலக்குழியும் இருக்கின்றன. மண் வடித்துத் தூய்மை செய்யும் என்று நம்புகிறோம். மணலும் களியும் கனமாக உள்ள நாட்டில் அந்நம்பிக்கை ஓரளவு செல்லும். குகையும் வெடிப்பும் நிறைந்த கல்லில் செல்லாது. கல் வடிப்பதில்லை, கடத்துகின்றது. தோட்டங்களில் அளவுமீறி இட்ட பசளையும் இவ்வாறே நீருடன் இறங்குகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியுள்ளமையைப் பல ஆண்டுகளாக ஆய்வாளர் எடுத்துக்காட்டி வருகின்றனர். இது கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் கெடுக்கவல்லது என்பதை நமது மருத்துவர் அறிவர்.

சுன்னாகத்தில் நிகழ்ந்ததை நாடே அறியும். மின் உற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றை மூடிவிட்டு, பவுசர் கொண்டுவரும் நீருக்கு மக்கள் வாளியுடன் காத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் பாதிக்கப்பட்டோருக்கென இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. தீர்ப்பை வரவேற்றோம். எனினும், எண்ணெய் எவ்வழியே எந்தக் கிணற்றுக்குச் சென்றது என்று காட்டும் நிலத்தடிப் படம் ஒன்று முன்னரே இருந்திருப்பின், மக்கள் இத்தனை ஆண்டு வாதாட வேண்டி நேர்ந்திராது என்பதை எவர் மறுப்பர்?

கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் தாளையடியில் திறக்கப்பட்டுவிட்டதே, இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்போர் உளர். குழாய்நீர் வருவது நன்றே. நாமும் அதனை வேண்டியவரே. ஆயினும் குழாய்நீரைக் கொண்டு வெங்காயத் தறைக்கு இறைப்பார் எவர்? ஆடும் மாடும் கமுகும் வாழையும் குடிப்பது எந்த நீரை? எண்ணெய் விலையும் மின்சார விலையும் ஏறும்போது இயந்திரம் தரும் நீரின் விலையும் ஏறும். கிணறோ மழை பெய்யும்வரை கடன் கேளாது தருவது. ஒன்று வந்தமையால் மற்றொன்றைக் கைவிடுவது, புதுவீடு கட்டத் தொடங்கியவன் இருந்த வீட்டுக் கூரையைப் பிரித்ததை ஒக்கும்.

சுரங்கக் கதைக்கு வேறோர் இடையூறும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் எமது வழக்கமன்று. வளவில் பழைய கல்லோ கட்டடத்தின் அடியோ அகப்பட்டால், அதனை அறிவிக்க நம்மவர் அஞ்சுகின்றனர். தொல்பொருள் திணைக்களத்தின் அறிவிப்புப் பலகை நடப்பட்டதும் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்பது அவர்தம் அச்சம். வடக்கிலும் கிழக்கிலும் நிகழ்ந்தவற்றைக் கண்டவர்க்கு அவ்வச்சம் எழுவது இயல்பே. ஆனால் விளைவு யாது? கண்டவர் இரவோடிரவாக மண்ணை இட்டு மூடுகின்றனர், அல்லது சீமெந்து கலந்து அத்திவாரம் போடுகின்றனர். மற்றொருபுறம், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உத்தரவின்றித் தோண்டுவதைக் குற்றமாக்கியிருந்தும், புதையல் தேடுவோர் தோண்டுவதை நிறுத்தவில்லை. உரியவன் மறைக்கின்றான், கள்வன் தோண்டுகின்றான். வரலாறு இருவர் கையிலும் அழிகின்றது. மக்களின் நம்பிக்கையைப் பெறாத காவல் பழமையைக் காக்காது என்பதை அரசு உணர்தல் வேண்டும். காணியுரிமை பறிபோகாது என்று எழுத்தில் உறுதி கொடுத்து, ஊரவரையும் நமது பல்கலைக்கழகத்தையும் உடன் வைத்துக்கொண்டு ஆராய்வதே நேரிய வழி. அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணக் கோட்டையினுள் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்குகொண்டு நடத்திய அகழ்வு, போர்த்துக்கேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கு கடல்வாணிபம் நடந்தமைக்குச் சான்றுகளைத் தந்ததன்றோ? நம்பிக்கையுடன் நடக்கும் ஆராய்ச்சி நமக்கு எதிரானதன்று.

பிறநாட்டு நகரம் ஒன்று செய்ததை இங்கு நினைத்தல் தகும். பாரிஸ் நகரத்தார் பல நூற்றாண்டுகளாகத் தம் காலடியிலிருந்தே சுண்ணாம்புக்கல்லை வெட்டி மேலே வீடு கட்டினர். வெட்டிய குகைகளை மறந்தனர். 1774 இல் ஒரு தெரு நெடுந்தூரம் நிலத்தினுள் இறங்கியது. 1777 இல் அரசு இதற்கெனத் தனி அலுவலகம் ஒன்றை நிறுவி, குகைகளை நடந்து அளந்து, படம் வரைந்து, கூரைக்குத் தூண் கொடுக்கத் தொடங்கியது. அவ்வலுவலகம் இன்றும் உளது. அங்கும் பேய்க்கதைகளுக்குக் குறைவில்லை. கதையுடன் படமும் இருக்கின்றது என்பதே வேற்றுமை. நம்மிடம் கதை மட்டுமே உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடப்பட்ட பின்னும், அதற்கெனக் கல் அகழ்ந்த பெருங்குழிகள் வாய்பிளந்து கிடக்கின்றன. கல்லை எடுத்தபோது அதனுள் இருந்த நீர்வழியில் எதனைத் திறந்துவிட்டோம் என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே நாம் வேண்டுவது யாது? ஊருக்கு ஒரு நிலத்தடிப் பதிவேடு வேண்டும். இது கோடிக்கணக்கான பணம் கேட்கும் திட்டமன்று. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் உள்ள பொக்கணை, இடிகுண்டு, தூர்ந்த கிணறு, திடீரெனத் தாழ்ந்த நிலம், மூடிய பங்கர், சுரங்கம் எனச் சொல்லப்படும் இடம் ஆகிய யாவும் அதில் ஏறவேண்டும். சொன்னவர் கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா என்பதும் அருகே எழுதப்படவேண்டும். ஆசிரியரும் ஓய்வுபெற்ற நில அளவையாளரும் முன்வந்தால் இதனை ஒரு கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். மாணவர் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். காணிச் சொந்தக்காரர் அஞ்சுமிடத்தில் சட்டத்தரணிகள் அருகிருந்து அவர் உரிமையைத் தெளிவுபடுத்தட்டும்.

அடுத்ததாக, பல்கலைக்கழகமும் நீர்வளத்துக்குப் பொறுப்பான அரச நிறுவனங்களும் இப்பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கருவியுடன் புறப்படவேண்டும். நிலத்தைத் தோண்டாமலே அதன் மின்தடையை அளந்தும், ராடார் அலை செலுத்தியும் உள்ளே வெற்றிடம் உண்டா என்று அறியும் வசதி இந்நாளில் உண்டு. நல்லூரில் அதனைச் செய்தால் மன்னன் சுரங்கம் பற்றிய வாதம் முடிவுக்கு வரும். வலிகாமத்தில் செய்தால் நீர் செல்லும் வழி தெரியும். ஒரே கருவி இரு கடமைகளையும் நிறைவேற்றும். மந்திரிமனையைத் திருத்துமுன்னர் அதன் அடியைப் பார்த்துவிடுதல் இன்றியமையாதது. திருத்த வேலைக்கு இடும் கொங்கிறீற்றே சான்றின் மேல் இடும் முத்திரையாகிவிடலாகாது.

மூன்றாவதாக, மாநகர சபையும் பிரதேச சபைகளும் கட்டட அனுமதி வழங்குமுன் அப்படத்தைப் பார்த்தல் வேண்டும். பொக்கணையின் அருகே மலக்குழிக்கோ, வாகனத் திருத்தகத்துக்கோ, எண்ணெய்க் களஞ்சியத்துக்கோ இடமளித்தலாகாது. குப்பையை இடிகுண்டில் கொட்டுவோர், தம் அயலவன் கிணற்றிலேயே கொட்டுகின்றனர் என்பதை உணர்த்த வேண்டும். கமக்காரரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். பயிர் கேட்கும் அளவுக்கு மேல் இடும் பசளை, பணத்தைக் கொடுத்து வாங்கிக் கிணற்றில் போடுவதே. மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விரட்டாமல் குளங்களைத் தூர்வாரித் தேக்கினால் நிலத்தடி நீர் நிறையும் என்பதை முன்னோர் சொல்லியே சென்றனர்.

நல்லூர் மன்னன் தப்பிச் செல்ல ஒரு வழி இருந்ததா என்பதை ஆராய்ச்சி கூறும்வரை பொறுத்திருக்கலாம். நானூறு ஆண்டு காத்த வினா இன்னும் சில ஆண்டு காக்கும். நீர் செல்லும் வழியைப் பற்றிய வினா அவ்வாறு பொறுக்காது. கிணறு உவர்த்த பின் அதனை இனிக்கச் செய்ய எந்த அரசாலும் எளிதில் இயலாது. நமது சபைகள் வரும் மாரிக்கு முன்னர் ஓர் ஊரிலேனும் பதிவேட்டைத் தொடங்கட்டும். எந்த ஊர் முந்திக்கொள்கிறது என்று பார்ப்போம்.